புதுப்பிப்பு: ஓநாய்க்கொல்லிச் செடி

ஹாரி பாட்டர் கதையுலகில் ஓநாய்க்கொல்லி எனப்படும் அக்கோனைட் செடி எதற்குப் பயன்படுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் பெயரால் வழங்கும் மருந்து, பௌர்ணமியன்று ஓநாயாக மாறும் மனித ஓநாயைக் குணப்படுத்திவிடுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

குணப்படுத்தாது. 1999இல் வந்த மூன்றாம் நாவலில், பௌர்ணமிக்கு முந்தைய வாரம் முழுவதும் மனித ஓநாயான ஆசிரியர் லூபின் அதைக் குடிக்கிறார். உருவம் மாறத்தான் செய்கிறது. புத்தி மட்டும் அவரிடமே இருக்கிறது. சக ஆசிரியர் ஸ்னேப் கொண்டுவந்து தரும் கோப்பையிலிருந்து மெல்லிய புகை எழுகிறது. சுவை படுமோசம். சர்க்கரை சேர்த்தாலோ மருந்து வீண்! (கஷாயத்தில் தேன் குழைத்துக் கொடுக்கும் நம் பாட்டிமாருக்கு அங்கே வேலையில்லை.)

நிஜச் செடியிடம் இந்தக் கருணை கிடையாது. செடி முழுதும் நஞ்சு, வேரில் மிக அதிகம். அதிலுள்ள ‘அக்கோனிட்டின்’ என்ற நச்சுப்பொருள் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். முக்காடு போட்டதுபோன்ற அந்த நீலப் பூவை வளர்க்க ஆசைப்பட்டவர்கள் கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.