செர்மாட் போக மே மாதம் சரிப்படுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
வணக்கம். சுவிட்சர்லாந்துப் பயணம் வீட்டில் முடிவாகிவிட்டது. அதில் மூன்று இரவு செர்மாட். நான், மனைவி, 9, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், என் அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் மேட்டர்ஹார்ன் மலையைப் பார்த்தே தீருவேன் என்கிறார். பள்ளி விடுமுறையை வைத்து மே இரண்டாம் வாரம் பார்த்தேன். விடுதி வாடகை நம்பமுடியாத அளவுக்குக் குறைவு. பதிவு செய்துவிடவா?

பேர்ண்வாசி:
தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. வாடகை ஏன் குறைவு என்று யோசித்தீர்களா? மே மாதம் அங்கே ரெண்டுங்கெட்டான் காலம். ஸ்கீ (பனிச்சறுக்கு) சீசன் முடிந்திருக்கும், கோடை தொடங்கியிருக்காது. நிறைய விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பூட்டிக் கிடக்கும். சுவிஸ் விடுதிச் சமையலறைகளில் நம்மட ஆக்கள் நிறையப்பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு லீவு கிடைப்பதே இப்படியான இடைவெளியில்தான். கேபிள் கார்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். ஊரில் இருந்து கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு ஏறுகிற ரயில் வருடம் முழுக்க ஓடும், அது உண்மை. ஆனால் மேலே நடைபாதை எல்லாம் உருகுகிற பனியும் சேறும்தான். மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிற படம் பார்த்திருப்பீர்களே, அந்த ரிஃபெல் ஏரி 2,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேயில் அது பனிக்கு அடியில் கிடக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம்.

பனிப்பிரியன்:
மே வேண்டாம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் செப்டம்பர் எதற்கு? செர்மாட் பனிக்கான ஊர் சார். இத்தாலிப் பக்கத்துச் செர்வீனியாவையும் சேர்த்தால் 360 கிலோமீட்டர் ஸ்கீ பாதை. ஸ்கீ தெரியாதா, பரவாயில்லை. அதே கோர்னர்கிராட் ரயில் வழியில் ரோட்டன்போடன் நிலையத்தில் இருந்து கீழே ரிஃபெல்பெர்க் நிலையம் வரை சறுக்குவண்டிப் பாதை இருக்கிறது. இறங்கிவிட்டு அடுத்த ரயிலில் ஏறி மறுபடியும் மேலே போய்ச் சறுக்கலாம். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு. இவ்வளவு செலவு செய்து ஆல்ப்ஸ் போய்விட்டுப் புல்லையும் பாறையையும் பார்த்துவிட்டு வருவார்களா? அரையாண்டு விடுமுறையில் போங்கள்.

சிக்கனம்_கோவை:
அரையாண்டு விடுமுறை என்றால் கிறிஸ்துமஸும் புத்தாண்டும். அந்த ஊரில் வருடத்திலேயே வாடகை உச்சத்தில் இருக்கிற நாட்கள் அவை. பல விடுதிகள் ஒரு வாரத்துக்குக் குறைவாக அறையே தராது. இவர் கேட்பது மூன்று இரவு, ஆறு பேர். டிசம்பர் கடைசியில் அங்கே விடியவே எட்டு மணிக்கு மேலாகும், ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். காசு மட்டும் முழுசாக வாங்குவார்கள், பகல் பாதிதான்.

நடைராணி:
ஜூலையை யாருமே சொல்லவில்லையே! ஐந்து ஏரிப் பாதை, காட்டுப்பூ எல்லாம் அப்போதுதான். செர்மாட் இருக்கிற வாலே பகுதிக்கே உரிய ஓர் ஆட்டினம் உண்டு, முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை, கோடு போட்டுப் பிரித்தது போல. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஆடுகளைக் காலையும் மாலையும் கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போவார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள கைக்கடிகாரக் கடை வாசலில் ஆட்டுப் புழுக்கை கிடக்கும். பகலும் நீளம், இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

பேர்ண்வாசி:
அக்கா, ஆடு வடிவுதான், மறுக்கவில்லை. இவருடைய அப்பா பார்க்க வருவது மலையை. ஜூலையில் காலை வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் உள்ள ஈரக்காற்று மேலே கிளம்பும். 4,478 மீட்டரில் தனியாக நிற்கிற மலை அது. மதியத்துக்குள் முகில் வந்து சுற்றிக்கொள்ளும். காலை ஆறரைக்கே எழுந்து ஓடக்கூடியவர்களுக்கு ஜூலை நல்லது. ஆறு பேரும் குளித்துச் சாப்பிட்டு வெளிக்கிட எத்தனை மணியாகும் என்று அவரே சொல்லட்டும். கோர்னர்கிராட் ரயில் கட்டணமும் கோடையில்தான் ஆகக் கூட.

செப்டம்பர் கடைசியில் காற்று காய்ந்திருக்கும், முகில் அவ்வளவு தொந்தரவு செய்யாது. மலை நுனியில் முதல் வெயில் விழுந்து செம்மஞ்சளாகிறதை ஊருக்குள் தேவாலயப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். ஜூனில் அதற்கு ஐந்தரைக்கே அங்கே நிற்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் ஏழு, ஏழரைக்குப் போனால் போதும். அப்பாவும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

பனிப்பிரியன்:
முகில் பற்றிப் பேசினால் ஜனவரியை யாரும் அடிக்க முடியாது. வானிலையில் உயர் காற்றழுத்தம் நிலைத்துவிட்டால் நாள்கணக்கில் நீலவானம்தான்.

சிக்கனம்_கோவை:
நிலைத்துவிட்டால். 2018 ஜனவரியில் நிலைக்கவில்லையே. பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடி, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வைத்துச் சிலரைக் கீழே இறக்கினார்கள். அந்த ஊருக்கு ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வழி. காரைக்கூடக் கீழே உள்ள டெஷ் ஊரிலேயே நிறுத்திவிட்டு ரயிலிலோ டாக்சியிலோதான் உள்ளே போக முடியும்.

பனிப்பிரியன்:
2024 ஜூனில் வெள்ளம் வந்து அதே வழி அடைபடவில்லையா? 2025 ஏப்ரலில் கடும்பனி கொட்டி மறுபடியும் துண்டிக்கப்பட்டது. மலையூர் என்றால் எந்த மாதமும் அந்த அபாயம் உண்டு. பனிக்காலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

பேர்ண்வாசி:
அந்தக் கதை நியாயம்தான். அதனால் எந்த மாதம் போனாலும் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முதல்நாள் இரவு செர்மாட்டில் தங்காதீர்கள். சூரிச்சிலோ ஜெனீவாவிலோ தங்குங்கள். பனிக்காலத்துக்கு எதிரான என் காரணம் வேறு, முழங்கால். தெருவில் மிதிபட்டு இறுகிய பனி கண்ணாடிபோல வழுக்கும். இங்கே பழகிய நாங்களே விழுந்து எழும்புகிறோம்.

மதுரைக்காரன்:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில்தான் வருகிறது, அது ஒத்துப்போகும். நாள்தான் குறைவு, கூட நாலு நாள் பள்ளியில் கேட்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் பனியைத் தொடாமல் வரமாட்டோம் என்கிறார்கள். அப்படியே தள்ளி நவம்பர் தொடக்கம், தீபாவளியை ஒட்டிப் போனால் இரண்டும் கிடைக்காதா?

சிக்கனம்_கோவை:
நவம்பர் மேயின் தம்பி. பாதி ஊர் மறுபடியும் மூடியிருக்கும். அக்டோபர் நடுவில் செர்மாட்டுக்கு வருகிற கிளேசியர் எக்ஸ்பிரஸ் சுற்றுலா ரயிலையும் நிறுத்திவிடுவார்கள், டிசம்பர் வரை ஓடாது. மேட்டர்ஹார்ன் அடிவாரத்தில் உலகக்கோப்பை ஸ்கீ பந்தயம் வைக்கப் பார்த்தார்கள். 2022-இல் பனி போதவில்லை என்று ரத்து. 2023-இல் பனியும் காற்றும் மிஞ்சிப்போய் ரத்து. பந்தயம் நடத்துகிறவர்களுக்கே நவம்பர் பிடிபடவில்லை.

நடைராணி:
பனிக்குக் கவலை வேண்டாம். கேபிள் காரில் கிளைன் மேட்டர்ஹார்ன் என்ற பக்கத்துச் சிகரத்துக்குப் போனால் 3,883 மீட்டர், செப்டம்பரிலும் பனி இருக்கும். உயரம் அதிகம், மூச்சு வாங்கும். அப்பாவுக்கு இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். அவரும் அம்மாவும் 3,089 மீட்டர் கோர்னர்கிராட் வரை போகட்டும். ரயிலை விட்டு இறங்கினாலே மலை எதிரே நிற்கும்.

மதுரைக்காரன்:
சரி, அப்படியே செய்கிறோம். செப்டம்பர் கடைசி.

பனிப்பிரியன்:
போய் வாருங்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் ஜனவரியில் ஒரு தடவை போங்கள், அப்புறம் பேசுவோம்.

பேர்ண்வாசி:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மேலே போகிற டிக்கெட்டை ஊரில் இருந்தே எடுத்து வராதீர்கள். அன்று காலை உச்சியில் உள்ள நேரலைக் கேமராவைப் போனில் பாருங்கள். வெள்ளையாக மட்டும் தெரிந்தால் அடுத்த நாள் போகலாம். மூன்று இரவு எடுத்திருப்பது அதற்குத்தான் உதவும். ரயிலில் மேலே போகும்போது வலது பக்கம் இருங்கள், மலை அந்தப் பக்கம்தான்.