எம்ஜிபி முன் லோயர் ஆர்ம் புஷ்: வீட்டிலேயே மாற்றலாமா? ரப்பரா, பாலியூரித்தேனா?

துருப்பிடித்தவன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பிரேக் மிதித்தால் முன்பக்கம் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது, விட்டால் இன்னொரு தடவை. நேர் ரோட்டில் போகும்போதும் ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அடியில் படுத்துப் பார்த்தேன். லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) உள்பக்க புஷ்களில் (அந்தக் கை அசையும் மூட்டில் இருக்கும் மெத்தை) ரப்பர் வாஷரைத் தாண்டிப் பிதுங்கி, வெடித்து, கையால் உருட்டினால் துகளாக உதிர்கிறது. மூட்டின் இரும்பு அச்சு துளைக்கு நடுவில் இல்லை, ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இதுதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என்னிடம் நல்ல ஜாக்கி, ஆக்ஸில் ஸ்டாண்ட், வைஸ், சாக்கெட் செட் எல்லாம் இருக்கிறது, பிரஸ் மட்டும் இல்லை. வீட்டிலேயே முடியுமா? அப்புறம் எதைப் போடுவது? பழைய மாதிரி ரப்பரா, வி8 புஷ்ஷா, ரப்பரை விடக் கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் பாலியூரித்தேனா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கிரீஸ்கை:
தாராளமாக முடியும், இந்த வண்டிக்குப் பிரஸ்ஸே தேவையில்லை. ஆனால் புஷ் எது என்பதை அப்புறம் பேசலாம், முதலில் ஸ்பிரிங். இந்த வேலையில் ஆளை அடிக்கக்கூடியது அந்தச் சுருள் (காயில்) ஸ்பிரிங் ஒன்றுதான். சக்கரம் தொங்கும்போதும் அது முழுசாக விரிந்திருக்காது, நிறைய அழுத்தம் மிச்சம் இருக்கும்.

நான் செய்யும் முறை இது. சேசிஸ் அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதன் லிங்கையும் கழற்றிவிடுங்கள். ஜாக்கியை ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் வைத்து மெதுவாக ஏற்றினால், டேம்பர் கை (மேலே ஷாக் அப்சார்பரிலிருந்து வரும் கை) அது உட்கார்ந்திருக்கும் ரப்பர் குமிழிலிருந்து ஒரு நூல் அளவு எழும். அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் ஏற்றினால் ஸ்டாண்டிலிருந்து வண்டிதான் எழும்பும். ஸ்பிரிங்குக்குள் ஒரு சங்கிலியை விட்டுக் கிராஸ்மெம்பரோடு (அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம்) சேர்த்துக் கட்டிவிட்டு, அதன் பிறகு மேல் டிரனியன் (டேம்பர் கையை ஹப்போடு சேர்க்கும் மூட்டு) போல்ட்டை எடுங்கள். அது துருப்பிடித்து ஒட்டியிருக்கும், முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊற விடுவது நல்லது. போல்ட் வந்ததும் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அந்த நேரத்தில் தலையோ கையோ ஸ்பிரிங்குக்கு நேராக இருக்கக் கூடாது. சக்கரம் மாட்டும் ஹப் முழுவதையும் ஒரு கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டால் மிச்சமெல்லாம் சாதாரண வேலை. ஸ்பிளிட் பின்னை இழுத்து, கோட்டை நட்டை (தலையில் பள்ளம் வெட்டிய நட்) கழற்றினால் ஆர்ம் உருவிக்கொண்டு வரும்.

மெதுவாகப்போ:
புஷ் விஷயத்துக்கு நான் வருகிறேன். இந்த வண்டியில் ஃபேக்டரி போட்டது இரண்டு பாதியாக இருக்கும் வெறும் ரப்பர். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கையாலேயே தள்ளிவிடலாம், ஆனால் சீக்கிரம் நசுங்கிப் போகும். 1973-இல் எம்ஜிபி ஜிடி வி8 வந்தபோது அதற்கு ஒரே துண்டாக ஒரு புஷ் போட்டார்கள், நடுவில் எஃகுக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். அதைச் சாதாரண எம்ஜிபியிலும் போடலாம். தெருவில் ஓட்டும் வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அதைத்தான். பாலியூரித்தேன் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாலையில் இருக்கும் ஒவ்வொரு சின்ன மேடும் பள்ளமும் நேராக முதுகுக்கு வரும், கிரீஸ் காய்ந்ததும் கீச்கீச்சென்று கத்தவும் ஆரம்பிக்கும்.

ரிங்ஸ்பேனர்:
கத்துவதற்குக் காரணம் பாலியூரித்தேன் இல்லை, போட்டவர். கூட வரும் கெட்டியான சிலிகான் கிரீஸை உள்ளேயும் ஓரத்திலும் தாராளமாகப் பூசி, ஆர்மின் துளையைத் துருவில்லாமல் உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்திருந்தால் வருஷக்கணக்கில் சத்தமே வராது. எண்ணெய் கசிந்தாலும் ரப்பர் மாதிரி ஊதிப் போகாது. பழைய இன்ஜின் எண்ணெய் ஒழுகாமல் இருக்குமா என்ன?

மெதுவாகப்போ:
@ரிங்ஸ்பேனர் ஒழுகுவது உண்மைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஒழுகலை நிறுத்தாமல் புஷ்ஷை மாற்றுவது என்ன வைத்தியம்?

துருப்பிடித்தவன்:
சரி, வி8 புஷ் வாங்கிவிடுகிறேன். பிரஸ் இல்லாமல் அதை எப்படி உள்ளே ஏற்றுவது? அப்புறம் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (நுனியில் சுருட்டிய வளையம்) இருக்கும் புஷ்ஷும் போயிருக்கிறது, அதன் வெளி உறை இரும்பு, அசையவே மாட்டேன் என்கிறது. ரப்பரை எரித்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

கிரீஸ்கை:
எரிக்க வேண்டாம். புகை நாற்றம் மட்டுமில்லை, விஷம். தேவையும் இல்லை. டிரில் போட்டு ரப்பரைச் சுற்றிலும் துளைத்தால் நடுக் குழாய் கழன்று வந்துவிடும். அப்புறம் ஹேக்ஸா பிளேடைக் கண்ணுக்குள் விட்டு ஃபிரேமில் மாட்டி, வெளி உறையை மட்டும் உள்ளிருந்து நீளவாக்கில் அறுங்கள். உறை அறுந்ததும் பிளேடு போகும் சத்தம் மாறும், அங்கேயே நிறுத்துங்கள், ஸ்பிரிங்கின் கண்ணில் கீறல் விழுந்தால் நாளைக்கு அங்கிருந்துதான் விரியும். உறையின் விளிம்பை உளியால் உள்பக்கம் மடக்கித் தட்டினால் சுருண்டு வெளியே வரும்.

புதிய புஷ் ஏற்ற ஒரு நீளமான, வலுவான மரை போட்ட கம்பி, இரண்டு நட், தடித்த வாஷர்கள், புஷ்ஷின் வெளி உறை மேல் சரியாக உட்காரும் ஒரு சாக்கெட், மறுபக்கம் புஷ் நுழையும் அளவு பெரிய ஒரு சாக்கெட், அவ்வளவுதான். நட்டை இறுக்க இறுக்க அது தானாக இழுத்துக்கொள்ளும். நடுக் குழாயைத் தள்ளக் கூடாது, ரப்பர் பிய்ந்துவிடும். நேராகப் போகிறதா என்று முதல் சில சுற்றில் பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்து ஏறினால் பின்னால் திருத்த முடியாது. முன் வி8 புஷ்ஷுக்கு இதுவும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தடவி வைஸில் வைத்து நெருக்கினாலே போகும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தொடவே வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊத வைக்கும்.

மெதுவாகப்போ:
எல்லாரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது நட்டுகளை முழுசாக இறுக்கக் கூடாது. ஒட்டிய ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது, நடுக் குழாய் இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டி நேராக நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும், அதற்கு மேல் பள்ளத்தில் இறங்கினால் கிழியும். 'புது புஷ் போட்டு ஒரு வருஷம் கூட ஆகலை, அதுக்குள்ள போயிடுச்சு' என்ற புலம்பலில் பெரும்பாலானவை இதுதான், பழி ரப்பர் தரத்தின் மேல் விழுகிறது.

அதனால் நட்டைக் கைப்பிடி அளவுக்கு மட்டும் பிடித்துவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி உயரமாகவே நிற்கும், உருட்டினால்தான் உண்மையான உயரத்துக்கு வரும். சக்கரங்களைச் சம உயரப் பலகைகளில் ஏற்றிவிட்டால் அடியில் கை போகும். அப்போதுதான் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். பின்பக்கக் கண்ணுக்கும் இதே கதைதான்.

ரிங்ஸ்பேனர்:
பாலியூரித்தேனுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அது குழாயைச் சுற்றித் தாராளமாகச் சுழலும். சும்மா சொன்னேன் :)

துருப்பிடித்தவன்:
ஹாஹா. அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

கிரீஸ்கை:
கட்டாயம். பழைய புஷ் சரிந்திருந்த நிலைக்குத்தான் இப்போதைய அளவு இருக்கும். கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டையும் இந்த வண்டியில் திருப்பி வைக்க வழியில்லை, டோ-இன் (முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான், 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர். கொஞ்ச தூரம் ஓட்டி ரப்பர் படிந்த பிறகு பாருங்கள். அப்புறம் டிரனியன் புஷ்களையும் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள், இவ்வளவு தூரம் கழற்றிய பிறகு அதற்காக மறுபடி ஸ்பிரிங்கைத் தொடுவது எரிச்சலான வேலை.