புதுப்பிப்பு: கேஸ் ஃபயருக்குப் புகைச் சோதனை

பிரிட்டன் வீடுகளின் பழைய கணப்பில், புகைபோக்கியோடு சேரும் கேஸ் ஃபயர் (கேஸில் எரிந்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) பொருத்துவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவுள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எரிந்த வாயு புகைபோக்கி வழியே போகிறதா என்று பார்க்கும் புகைச் சோதனையை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டேன், அது தவறு.

கதவு, ஜன்னல்களை அடைத்து, ஃபயரைச் சூடேறவிட்டு, புகைக்குச்சியை (புகை விடும் தீக்குச்சி) அதன் மேல்விளிம்பில் பிடிப்பார்கள். புகை புகைபோக்கிக்குள் இழுபட வேண்டும். பிறகு சமையலறை எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, இடைக்கதவைத் திறந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதலில் தேறிய ஃபயர் இதில் தவறுவதுண்டு: ஃபேன் அறைக்காற்றை இழுக்க, புகைபோக்கி வழியே வெளிக்காற்று கீழே இறங்கும். புகை சுருண்டு அறைக்குள் வந்தால் ஃபயரை எரிக்கவே கூடாது.

வருடாந்தர சர்வீஸில் ஃபயரைக் கழற்றி, பின்னால் விழுந்த சாந்து, பறவைக்கூட்டுக் குச்சிகளை அள்ள வேண்டும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் அலாரம் ஃபயரிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்கட்டும்.