ரன்-ஃப்ளாட் டயரும் இறம்பொடை ஏற்றமும்

நுவரெலியாவிலிருந்து:
போன மழைக்காலம், ராத்திரி. கம்பளையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தேன், பின் சீட்டில் அம்மா. இறம்பொடையைத் தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சள் லைட். ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. லைட் எரியாவிட்டால் காற்றுப் போனதே தெரிந்திருக்காது. ஒரே பனிமூட்டம், ஒரு பக்கம் பள்ளம், ஒதுங்கி நிற்க இடமில்லை. என் வண்டியில் இருப்பது ரன்-ஃப்ளாட் டயர், அதன் பக்கச் சுவர் தடிப்பு என்பதால் காற்றில்லாமலும் பாரத்தைத் தாங்கும். வழக்கமாகச் சொல்லும் கணக்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிஞ்சாமல் 80 கிலோமீட்டர் தூரம். இங்கிருந்து கண்டிக்குப் போய்ச் சேரலாம் என்று வையுங்கள். நான் முப்பதிலேயே உருட்டி வீடு வந்தேன். அம்மா பாதி வழியில் தூங்கிவிட்டார்.

காலையில் டயர்க்கடைத் தம்பி வந்து வீலைக் கழற்றிக்கொண்டு போனான். டயருக்குள் கையை விட்டு எடுத்தால் கரித்தூள் மாதிரி ரப்பர். பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல். "இதுக்கு ஒட்டுப் போட ஏலாது சார்." அந்த சைஸ் இங்கேயும் இல்லை, கண்டியிலும் இல்லை. கொழும்பிலிருந்து வர நாலு நாள். அதுவரை வண்டி ஜாக்கி மேல், நான் பஸ்ஸில். அந்தக் கீறலுக்குச் சாதா டயரும் செத்திருக்கும்தான். ஆனால் ஸ்பேர் வீல் இருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேனே! இந்த வண்டியில் அதற்குக் குழியே வைக்கவில்லை.

அப்புத்தளையிலிருந்து:
அண்ணே, நான் நாலையும் கழற்றிச் சாதா டயர் போட்டு ஒரு வருஷமாகிறது. தோட்டத்து ரோட்டில் கல்லுக்குக் கல் முதுகில் குத்திய குத்து பாதியாகக் குறைந்தது. விலையும் குறைவு. ரெண்டு வகையையும் கலந்து போடக் கூடாது, மாற்றினால் நாலும். ஸ்பேர் வீல் இப்போது டிக்கியில் படுத்திருக்கிறது, கோவா மூட்டைக்கு இடமில்லை என்று வீட்டில் தினமும் சண்டை.

ஹட்டனிலிருந்து:
நான் மாற்ற மாட்டேன். என் மனைவி விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாகத் தலவாக்கலைக்கு வேலைக்குப் போகிறவர். அந்தச் சரிவில், மழையில், ஜாக்கி போட்டு வீல் மாற்றச் சொல்லவா? ஒரு நாள் நான் மாற்றும்போதே வண்டி நகர்ந்தது, சில்லுக்குக் கல் வைக்காமல் விட்டிருந்தேன். ஒரு விஷயம்: குளிரில் லைட் தானாக எரிந்தால் பயப்பட வேண்டாம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் 2 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும். ஆனாலும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்து:
ஹட்டன் அண்ணன் சொல்வதும் சரிதான். வண்டியை ஓட்டுவது நான் மட்டும் என்பதால் சாதா டயருக்கே சொல்லிவிட்டேன். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும், சில்லுக்கு அண்டை கொடுக்க ரெண்டு கல்லும் டிக்கியில் போட்டாயிற்று.