‘எங்கள் மாடல் ஆபத்தானது’: எச்சரிக்கையா, விளம்பரமா?

உப்பளம்:
ஏஐ நிறுவனம் ஒன்று தன் மாடலைப் பற்றி "இதை வெளியே விட்டால் ஆபத்து" என்று அறிவித்தால் மறுநாள் அதுவே தலைப்புச் செய்தி. அடுத்த வாரம் எங்காவது ஓர் அரசு கட்டுப்பாடு பற்றிப் பேசத் தொடங்குகிறது. இது எச்சரிக்கையைவிட விளம்பரம்தானோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு.

1999-இல் ஆப்பிள் பவர் மேக் ஜி4 கணினியைக் கொண்டுவந்தது. நொடிக்கு 100 கோடிக் கணக்கீடுகளைத் தாண்டியதால் அன்றைய அமெரிக்க ஏற்றுமதி விதிகளின்படி அது சூப்பர் கணினி வகைக்குள் போய்விட்டது. வேறு நிறுவனமாக இருந்தால் வருத்தப்பட்டிருக்கும். ஆப்பிள் அந்தக் கணினியைச் சுற்றி ராணுவ டாங்கிகள் நிற்பதுபோல விளம்பரப் படம் எடுத்தது. அமெரிக்க அரசே ஆயுதம் என்று வகைப்படுத்திய முதல் தனிநபர் கணினி இது என்று பெருமை பேசியது. சில மாதங்களில் அந்த வரம்பு உயர்த்தப்பட்டது. அதற்குள் விளம்பரம் தன் வேலையை முடித்துவிட்டது.

2019 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம், உரை எழுதும் தன் மாடலான ஜிபிடி-2 பற்றி அறிவித்தது. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று முழு மாடலைத் தர மறுத்தது. உலகம் முழுக்க அதே பேச்சு. ஆகஸ்டிலேயே பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த இருவர் அதே அளவு மாடலைத் தாங்களே உருவாக்கி வெளியிட்டார்கள். நவம்பரில் ஓப்பன்ஏஐயும் முழுவதையும் வெளியிட்டது. பெரிய அளவில் யாரும் தவறாகப் பயன்படுத்தியதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை என்று அப்போது அவர்களே எழுதினார்கள்.

இன்னொன்று. 2023 மே மாதம் ஓப்பன்ஏஐயின் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மன் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, பெரிய மாடல்களுக்கு லைசன்ஸ் தர ஓர் அரசு அமைப்பு வேண்டும் என்று கேட்டார். 2025 மே மாதம் இன்னொரு செனட் குழுவிடம், வெளியிடும் முன் அரசின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தால் பேரழிவு என்றார். ஆள் அவரேதான், மாடல்கள்தான் இந்த இரண்டு ஆண்டில் பல மடங்கு வலுத்துவிட்டன. ஆபத்து கூடும்போது கட்டுப்பாட்டின் மீதான ஆசை குறைகிறது என்றால், முதலில் கேட்டது எதற்காக?

நீலக்கல்:
உப்பளம், நீங்க சொன்ன சம்பவம் எல்லாம் சரி. ஆனா அதுல இருந்து உங்க முடிவுக்குப் போக வழி இல்லை. பூட்டு விக்கிறவர் "ஊர்ல திருட்டு அதிகமாயிடுச்சு"ன்னு சொன்னா அவருக்கு வியாபாரம் ஆகும், உண்மைதான். ஆனா திருடன் இருக்கானா இல்லையான்னு அவரோட லாபத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. ராத்திரி தெருவுல போய்ப் பார்க்கணும்.

நான் மென்பொருள் பாதுகாப்புல வேலை பார்க்கிறேன். ஏஐ கம்பெனிகளோட அறிக்கை எதையும் எடுத்துக்காம, அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பு டார்பா நடத்தின போட்டியை மட்டும் எடுத்துக்கிறேன். 2025 ஆகஸ்ட்ல இறுதிச் சுற்று. நிஜ ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்ல, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாத்தக்கூடிய மென்பொருள்ல, வேணும்னே பாதுகாப்பு ஓட்டைகளைச் செருகி, ஏஐ அமைப்புகளைத் தானா தேடச் சொன்னாங்க. செருகினதுல பெரும்பாலானதைப் பிடிச்சதோட, யாரும் செருகாத, அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத 18 நிஜ ஓட்டைகளையும் அதுங்க கண்டுபிடிச்சுது. ஒரு பணிக்கு ஆன சராசரிச் செலவு சுமார் 152 டாலர். தேர்ந்த ஆள் ஒருத்தரை உட்கார வச்சா வாரக்கணக்கா ஆகிற வேலை இது.

இதுல எந்தக் கம்பெனியோட விளம்பரமும் இல்லை. ஆபத்து இருக்கு. அதைச் சொல்றவங்களுக்கு ஆதாயமும் இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம்.

உப்பளம்:
அந்தப் போட்டி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதற்காக நடந்தது, நீலக்கல். கலந்துகொண்டவர்கள் தங்கள் அமைப்புகளை ஓப்பன் சோர்ஸாக வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது டார்பாவே ‘இது எல்லோர் கையிலும் இருக்கட்டும், அடைப்பவர்கள் அதிகமாகட்டும்’ என்ற பக்கம்தான் நின்றது. நிறுவனங்கள் சொல்வது நேர் எதிர்: ஆபத்து, ஆகவே எங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையையும் பார்ப்போம். சீன அரசு ஆதரவுள்ள குழு ஒன்று அவர்களுடைய நிரல் எழுதும் கருவியான கிளாட் கோடை வைத்து சுமார் 30 அமைப்புகளைக் குறிவைத்தது, பெரும்பாலான வேலையை ஏஐயே செய்தது என்றார்கள். உடனே ஓர் அமெரிக்க செனட்டர் கட்டுப்பாடு வேண்டும் என்று குரல் கொடுத்தார். மெட்டாவின் யான் லெகுன் அவருக்கே பதில் எழுதினார்: விதிகளைத் தங்களுக்குச் சாதகமாக வளைக்க நினைப்பவர்கள் உங்களைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று. அவர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை வாங்கியவர். ஏதோ வெளியாள் சொன்னது என்று தள்ளிவிட முடியாது.

நீலக்கல்:
லெகுன் அப்போ மெட்டாவுல இருந்தார். மெட்டா மாடல்களை இலவசமா வெளிவிட்டு வந்த கம்பெனி. கட்டுப்பாடு வந்தா முதல்ல அடி வாங்குறது அவங்கதான். ஆதாயத்தை வச்சு ஒரு பக்கத்தை எடை போட்டா இன்னொரு பக்கத்தையும் போடணும்.

அந்த அறிக்கையில எனக்கும் கோபம் உண்டு. இப்படி ஒரு தாக்குதலைப் பத்தி எழுதினா, மத்தவங்க தங்களைக் காப்பாத்திக்கத் தேவையான தடயங்களைக் கொடுக்கணும். எந்த முகவரியில இருந்து வந்தாங்க, எந்தக் கோப்பு, எந்தச் சேவையகம்னு. அது ஒண்ணும் அதுல இல்லை. எங்க துறையில பலர் இதைக் கேட்டாங்க. ஆனா அதே அறிக்கையில, மாடல் தான் கண்டுபிடிச்சதைப் பல தடவை மிகைப்படுத்திச் சொல்லுச்சு, சில சமயம் இல்லாத தகவலை உருவாக்குச்சுன்னும் அவங்களே எழுதியிருக்காங்க. பயமுறுத்தி விக்கிறது மட்டும்தான் நோக்கம்னா அந்த வரியை வெட்டியிருப்பாங்க.

பனைவெளி:
இரண்டு பேரும் ‘நிறுவனங்கள்’ என்று ஒரே சொல்லில் அடைக்கிறீர்கள். நான் சட்டம் படிப்பவன். எந்த மசோதாவுக்கு யார் எங்கே நின்றார்கள் என்று பார்த்தால் படம் மாறுகிறது.

2024-இல் கலிஃபோர்னியாவில் எஸ்பி 1047 என்ற மசோதா வந்தது. 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 10-இன் 26-ஆம் அடுக்கு அளவு கணக்கீட்டைத் தாண்டிப் பயிற்றுவித்த மாடல்களுக்குப் பாதுகாப்புச் சோதனை, தேவைப்பட்டால் நிறுத்தும் வசதி, பெரும் சேதம் நேர்ந்தால் பொறுப்பு. ஓப்பன்ஏஐ எதிர்த்தது. கூகுள், மெட்டா எதிர்த்தன. ஆந்த்ரோபிக் முதலில் திருத்தங்கள் கேட்டு, பிறகு தீமையைவிட நன்மை அதிகமாக இருக்கலாம் என்று எழுதியது. எலான் மஸ்க் ஆதரித்தார். செப்டம்பர் 29 அன்று ஆளுநர் நியூசம் நிராகரித்தார்.

2025 ஆகஸ்டில், மாநிலங்களின் ஏஐ சட்டங்களை எதிர்க்கும் அரசியல் நிதி அமைப்பு ஒன்று 10 கோடி டாலருக்கு மேல் வைத்துக்கொண்டு தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர்களில் முதலீட்டு நிறுவனமான ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸும் ஓப்பன்ஏஐயின் கிரெக் பிராக்மனும் உண்டு. கட்டுப்பாடு இவர்களுக்குக் கிடைத்த பரிசு என்றால், பரிசைத் தடுக்க யாராவது இவ்வளவு செலவழிப்பார்களா?

உப்பளம், ஆல்ட்மனின் இரண்டு சாட்சியங்களையும் நான் வேறு விதமாகப் படிக்கிறேன். 2023-இல் லைசன்ஸ் வரும் வாய்ப்பே இல்லாதபோது கேட்பது சுலபம். சட்டம் கையெழுத்து வரை வந்ததும் எதிர்த்தார்கள். ஆபத்து பற்றிய பேச்சு அவர்களுக்குப் பிடிக்கிறது, சட்டம் பிடிப்பதில்லை.

உப்பளம்:
நீங்கள் சொல்வது என் வாதத்தைக் கூர்மையாக்குகிறது, பனைவெளி. பேச்சு விளம்பரம், அதன்மேல் உண்மையான சட்டம் வந்துவிடக் கூடாது. இதைத்தான் சொல்கிறேன்.

ஆந்த்ரோபிக் மட்டும் விதிவிலக்கு என்கிறீர்களா? 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் ஏஐ ஆலோசகர் டேவிட் சாக்ஸ், பயத்தைப் பரப்பி விதிகளைக் கைப்பற்றும் உத்தி என்று அவர்களை நேராகவே குற்றம் சாட்டினாரே.

பனைவெளி:
குற்றம் சாட்டினார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று கையெழுத்தான கலிஃபோர்னியாவின் எஸ்பி 53 சட்டத்தை ஆந்த்ரோபிக் ஆதரித்தது. அதன் கனமான பகுதிகள் ஆண்டு வருவாய் 50 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களுக்குத்தான். சிறியவர்களை நசுக்குவது நோக்கம் என்றால் இப்படி எழுதப்பட்ட சட்டத்தை ஆதரிப்பது விசித்திரம்.

ஆனால் சட்டம் மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிறுவனம் தன் பாதுகாப்புத் திட்டத்தைத் தானே எழுதி வெளியிட வேண்டும், பெரிய அசம்பாவிதத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளிருந்து எச்சரிப்பவர்களைப் பழிவாங்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் அதிகபட்சம் 10 லட்சம் டாலர் அபராதம். 50 கோடி சம்பாதிப்பவருக்கு அது வலிக்காது.

கொடிவேரி:
கம்பெனிக்கு என்ன ஆதாயம்னு பக்கம் பக்கமா எழுதுறீங்க. கட்டுப்படுத்துற அரசுக்கு என்ன ஆதாயம்னு ஒருத்தரும் கேக்கலையே?

2024 பிப்ரவரியில பிரதமர் மோடியைப் பத்தி கூகுளோட ஏஐ உரையாடல் கருவி ஜெமினி சொன்ன ஒரு பதில் சர்ச்சை ஆச்சு. மார்ச் 1-ஆம் தேதி நம்ம ஐடி அமைச்சகம் ஒரு அறிவுறுத்தல் விட்டுச்சு: முழுசா சோதிக்கப்படாத, நம்பகமில்லாத மாடல்களை இந்திய மக்களுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அரசாங்கத்தோட வெளிப்படையான அனுமதி வாங்கணும்னு. எது நம்பகமில்லாததுன்னு வரையறை இல்லை. எவ்வளவு நாள்ல அனுமதி கிடைக்கும்னு இல்லை. எதிர்ப்பு கிளம்பினதும் ஸ்டார்ட்அப்புக்கு இல்லைன்னு அமைச்சர் விளக்கம் கொடுத்தார். மார்ச் 15-ல அந்த அனுமதி நிபந்தனையையே எடுத்துட்டாங்க. ரெண்டு வாரக் கதை. ஆனா அந்த ரெண்டு வாரத்துல, சின்னதா ஒரு தமிழ் மாடல் பண்ணிட்டிருந்தவன் என்ன நினைச்சிருப்பான்?

அடுத்தது வாஷிங்டன். 2025 ஜனவரியில பைடன் அரசாங்கம் போகப்போற நேரத்துல ஒரு விதி கொண்டுவந்துச்சு. ஏஐ சிப்புகளுக்கும், மிகப் பெரிய, பொதுவுல வெளியிடாத மாடல்களோட வெயிட்ஸுக்கும் (பயிற்சியில உருவான எண்கள், மாடலோட உயிரே அதுதான்) ஏற்றுமதிக் கட்டுப்பாடு. தடையில்லாம வாங்கக்கூடிய நட்பு நாடுகள் 18. இந்தியா அதுல இல்லை. சிப் விக்கிற என்விடியா கத்துச்சு. நடைமுறைக்கு வர ரெண்டு நாள் இருக்கும்போது, மே மாசம், டிரம்ப் அரசாங்கம் தூக்கி எறிஞ்சுது. எது ஆபத்துங்கிற அளவுகோலை வச்சிருக்கிறவங்க நம்மைக் கேட்டா வைக்கிறாங்க? 80-கள்ல நாம கேட்ட க்ரே சூப்பர் கணினியைக் கொடுக்க மாட்டேன்னாங்க, நாம சி-டாக்ங்கிற அரசு ஆய்வு மையத்தை ஆரம்பிச்சு 1991-ல பரம் 8000 சூப்பர் கணினியைச் செஞ்சோம். இன்னிக்கு அந்த அளவு சிப்பை நாமே செய்யற நிலைமை இல்லை.

நீலக்கல்:
கொடிவேரி, உங்க கோபம் நியாயம். மார்ச் 2024 அறிவுறுத்தல் ரொம்ப மோசமா எழுதப்பட்டது, அதுல மறுபேச்சு இல்லை. ஆனா அது அரசியல் பதிலைக் கட்டுப்படுத்தப் பார்த்த விஷயம். கிருமி ஆயுதத்துக்கு உதவுதா, மின்கட்டமைப்பைத் தாக்க உதவுதான்னு சோதிக்கிறது வேற.

வெயிட்ஸைப் பொறுத்தவரைக்கும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 2023-ல மெட்டா தன்னோட லாமா மாடலை ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் விண்ணப்பத்தின் பேர்ல கொடுத்துச்சு. ஒரு வாரம் போல ஆச்சு, யாரும் இறக்கிக்கக்கூடிய டோரண்ட் கோப்புப் பகிர்வுல அதோட வெயிட்ஸ் வந்துடுச்சு. அதைத் திரும்பக் கூப்பிட யாராலயும் முடியலை. மென்பொருள்ல ஓட்டை இருந்தா நான் திருத்தம் அனுப்புவேன். வெளியே போன வெயிட்ஸுக்கு அப்படி ஒண்ணும் அனுப்ப முடியாது. அதனாலதான் சோதனை வெளியீட்டுக்கு முன்னாடி நடக்கணும்கிறேன்.

உப்பளம்:
சரி, யார் சோதிப்பது? 2023 நவம்பரில் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த ஏஐ பாதுகாப்பு மாநாட்டை ஒட்டி, மாடல்களைச் சோதிக்க பிரிட்டன் ஓர் அரசு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் அதே மாதிரி நிறுவனத்தோடு ஓப்பன்ஏஐயும் ஆந்த்ரோபிக்கும் ஒப்பந்தம் போட்டன. எல்லாம் நிறுவனங்கள் மனமுவந்து திறந்துவிட்ட கதவு. விரும்பாவிட்டால் மூடிக்கொள்ளலாம். இதற்கிடையில் "அரசு நிபுணர்கள் சோதித்தார்கள்" என்ற வாசகம் அவர்களுடைய வெளியீட்டு அறிக்கையில் ஏறிவிடுகிறது.

பனைவெளி:
ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கொஞ்சம் வேறு. பயிற்சிக் கணக்கீடு 10-இன் 25-ஆம் அடுக்கைத் தாண்டிய மாடல் என்றால் தெரிவிப்பதும், அபாயங்களை மதிப்பிடுவதும் கட்டாயம். 2025 ஆகஸ்ட் 2 முதல் கடமை தொடங்கியது. அபராதம் விதிக்கும் அதிகாரத்துக்கு 2026 ஆகஸ்ட் 2 என்று நாள் குறித்திருக்கிறார்கள். உலக வருவாயில் 3 விழுக்காடு அல்லது 1.5 கோடி யூரோ, எது அதிகமோ அது. மாடலைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லவும் அவர்களால் முடியும்.

நீலக்கல்:
எனக்கு இவ்வளவு போதும்: வெளியீட்டுக்கு முன்னாடி வெளியாள் சோதனை கட்டாயம், முடிவு பொதுவுல வரணும். தடுக்கிற அதிகாரம் வேண்டாம். உப்பளம், இதுக்காவது ஒத்துக்குவீங்களா?

உப்பளம்:
மாட்டேன். தோற்கவே முடியாத தேர்வு என்பது நிறுவனத்துக்கு இன்னொரு நற்சான்றிதழ்தான். "அரசின் மிகக் கடுமையான சோதனையில் மிக ஆபத்தானது என்று தெரியவந்த மாடல்" என்று அடுத்த டாங்கி விளம்பரம் எடுப்பார்கள். ஆபத்து உண்மை என்று நிரூபித்தால் வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் ஆபத்து என்று சொல்லி விற்பதையும் நிறுத்த வேண்டும்.

கொடிவேரி:
அப்போ நீங்க நீலக்கல்லைவிடக் கடுமையான கட்டுப்பாட்டைக் கேக்கிறீங்க. அந்தத் தடுக்கிற அதிகாரத்தை யார் கையில கொடுப்பீங்க? மார்ச் 1 அறிவுறுத்தலை எழுதினவங்க கையிலயா?

உப்பளம்:
அமைச்சகத்தின் கையில் கூடாது. கிருமி, வேதி ஆயுதம், கணினித் தாக்குதல் என்று சட்டத்திலேயே எண்ணி எழுதிய காரணங்களுக்கு மட்டும். தடுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடிய வேண்டும், முடிவுக்கு நாள் கணக்கு இருக்க வேண்டும். அரசியல் பதிலோ மதம் பற்றிய பதிலோ அந்தப் பட்டியலுக்குள் வரவே கூடாது.

கொடிவேரி:
பட்டியல்ல பின்னாடி ஒரு வரி சேர்க்கிறது ஒரு திருத்தச் சட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஒத்துக்கலை. ஆனா மேல்முறையீடும் நாள் கணக்கும் இல்லாத எந்த வரைவையும் எதிர்க்கிறதுல நாம நாலு பேரும் ஒண்ணா நிக்கலாம். அடுத்த அறிவுறுத்தல் வரும்போது கருத்து கேட்டா, அதை எழுதி அனுப்புவோம். பனைவெளி, வரைவை நீங்க ஆரம்பிங்க.