குன்னூர் வீட்டு ஹால்: செங்காவி, பால்வெள்ளை இரண்டே நிறத்தில் குளிர்காலத்துக்கு மாற்றணும்

பனிமூட்டம் (கேள்வி)

குன்னூரில் பழைய ஓட்டு வீடு. ஹால் 14க்கு 12 அடி. கிழக்கே ஒரே ஜன்னல், 5 அடி அகலம், 4 அடி உயரம். தரை பழைய சிவப்பு ஆக்சைடு. சுவர் வெள்ளை எமல்ஷன். வடக்குச் சுவர் வெளிச்சுவர். அதன் கீழ் மூலையில் மட்டும் கருப்புப் புள்ளி வருகிறது. மேலே 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று. பயன்படுத்தாத ஃபயர்பிளேஸ் ஒன்றும் இருக்கிறது.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஹாலுக்குள் வந்தாலே கதகதப்பாகத் தோன்றணும். நிறம் செங்காவி, பால்வெள்ளை, அவ்வளவுதான். வடக்குச் சுவரைச் செங்காவியாக அடிக்கலாம் என்று சாம்பிள் டப்பா வாங்கி ஒரு கட்டம் அடித்துப் பார்த்தாயிற்று. பகலில் பரவாயில்லை, ராத்திரியில் ஈரல் நிறமாகத் தெரிகிறது. பெயிண்ட் தப்பா, வேறு ஏதாவதா? திரை, விரிப்பு, குஷன் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குள் முடியணும். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஆனால் நல்லது.

சுண்ணாம்புக்காளவாய்

பெயிண்ட் மேல் பழி போடாதீங்க, காரணம் உங்க டியூப். கடையில் "கூல் டேலைட்" என்று கொடுப்பது 6500 கெல்வின் (கெல்வின் என்பது வெளிச்ச நிறத்தின் அளவு; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). அந்த வெளிச்சத்தில் நீலம் தூக்கல், சிவப்பு கம்மி. செங்காவிக்குத் திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளியே போதாததால் கருத்து ஈரல் நிறத்துக்குப் போகிறது. பால்வெள்ளையும் அதே லைட்டில் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். 2700 கெல்வின் பல்பு ஒன்றை மாட்டி அதே கட்டத்தைப் பாருங்க. அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, முழுசு 100) 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. 80 உள்ளதில் அடர்சிவப்பு கொஞ்சம் மங்கும்.

டியூப் இருந்த இடத்தில் மஞ்சள் டியூப் மாட்டினால் பாதி வேலைதான் ஆகும். உச்சியிலிருந்து ஒரே விளக்கு விழுந்தால் அறை ஆபீஸ் மாதிரிதான் இருக்கும், நிறம் எதுவானாலும். 20 வாட் டியூப் சுமார் 2000 லூமன் தரும். அதை மூன்றாகப் பிரியுங்க: மேலே 9 வாட், சோபா பக்கத்தில் நிற்கும் விளக்கு 9 வாட், எதிர்மூலையில் மேசை விளக்கு 7 வாட். துணிக்கூடு பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் இதற்குக் கீழே வாட்டைக் குறைக்க வேண்டாம். கூடு பால்வெள்ளையாகவே இருக்கட்டும். செங்காவிக் கூடு போட்டால் வெளிச்சமே ஆரஞ்சாகி, சுவரில் பால்வெள்ளை என்ற நிறமே இல்லாமல் போய்விடும்.

இப்போது வடக்குச் சுவர். அடிக்காதீங்க. முதலில் அந்தக் கருப்புப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. ஓர் அடிச் சதுரப் பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்க. சுவருக்கும் பாலிதீனுக்கும் நடுவில் நீர் கோத்தால் ஓதம், அதாவது சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். பாலிதீனின் அறைப்பக்கம் நனைந்தால், அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் வேர்க்கிறது என்று அர்த்தம். முதலாவது என்றால் வெளியே பூச்சு, கூரைத் தண்ணீர் விழும் இடம், வடிகால் எல்லாம் பார்க்கணும். பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கட்டி உரியும். இரண்டாவது என்றால் சோபா, அலமாரி எதையும் அந்தச் சுவரோடு ஒட்டிப் போடாமல் 4 இன்ச் தள்ளுங்க, மதியம் ஒரு மணிநேரம் ஜன்னலைத் திறங்க. புள்ளியை ஈரத்துணியால் துடையுங்க. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூஞ்சை அறை முழுக்கப் பறக்கும்.

எல்லாவற்றையும் விட ஒன்று: செங்காவி உங்க வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 168 சதுர அடித் தரையே அதுதானே! இன்னொரு சுவரையும் அதே நிறமாக்கினால் பால்வெள்ளைக்கு இடமே இருக்காது, அறையும் இருட்டிவிடும். இரண்டு நிற வேலையில் சரிபாதி என்பதுதான் பெரிய தவறு. ஒன்று எழுபது, மற்றது முப்பது என்று போகட்டும். தரையின் நிறத்தை எடுத்துக்கொண்டு துணி வாங்குங்க, துணிக்கு ஏற்றமாதிரி சுவரை மாற்றாதீங்க.

தறிமேடை

திரைக்கு நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

ஜன்னல் 5 அடி என்றால் கம்பி 6 அடி, பக்கத்துக்கு அரை அடி கூடுதல். திரையைத் திறக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காமல் சுவர் மேல் ஒதுங்கணும். மலையில் பகல் வெளிச்சம் ஏற்கெனவே கம்மி. கம்பியை ஜன்னலுக்கு மேல் 6 இன்ச் உயர்த்திப் போடுங்க. துணி அகலம் கம்பியைப் போல் இரண்டு மடங்கு, 144 இன்ச். 48 இன்ச் பன்னா (துணியின் அகலம்) என்றால் சரியாக மூன்று பட்டை. மூன்றை இரண்டு திரையாக்க நடுப்பட்டையை நீளவாக்கில் வெட்டி ஆளுக்கு ஒன்றரை சேர்க்கணும். அரைப் பட்டை சுவர் ஓரம் வரும்படி தைக்கச் சொல்லுங்க. டெய்லரிடம் சொல்லாவிட்டால் தையல் கோடு நடுவில் வந்து நிற்கும்.

உயரம் தரை வரைக்கும். கம்பியிலிருந்து தரை 84 இன்ச் என்று வைத்தால், மேல்மடிப்பு 4, கீழ்மடிப்பு 6, சுருங்குவதற்கு 5, மொத்தம் 99. ஒரு பட்டைக்கு இரண்டரை மீட்டர், ஆக ஏழரை மீட்டர் செங்காவித் துணி. தைத்த திரை தரையைத் தொடக் கூடாது, அரை இன்ச் மேலே நிற்கணும். குளிரில் தரை வேர்க்கும், துணி அதை உறிஞ்சும், ஓரத்தில் கருப்பு ஏறும்.

உள்ளே லைனிங் கட்டாயம். காடாத்துணி (வெளுக்காத பருத்தி) போதும், அதுவே பால்வெள்ளைதான். கிழக்கு வெயில் நேராகச் செங்காவியில் பட்டால் மடிப்பின் வெளிமுனை மட்டும் வெளுத்து வரிவரியாகத் தெரியும். லைனிங் அதைத் தடுக்கும், குளிர்காற்றையும் நிறுத்தும். ஆனால் காடா மற்ற துணியைவிட அதிகம் சுருங்கும். தைப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டே ஆகணும். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே லைனிங் மேலே ஏறி, முன்துணி தொங்கிப் பை விழும்.

சாயம் போகுமா என்று பார்க்க ஈர வெள்ளைத்துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்க. லேசான ரோஸ் பரவாயில்லை, இரண்டு மூன்று தடவை பச்சைத்தண்ணீரில் தனியாக அலசினால் நிற்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். உப்பு வேலை செய்வது சாயம் ஏற்றும்போது. பிடிக்காமல் மேலே நிற்கும் சாயத்தை அது கட்டாது.

பனிமூட்டம்

பாலிதீன் ஒட்டி இரண்டு நாள் ஆயிற்று. அறைப்பக்கம்தான் நனைந்திருக்கிறது, உள்பக்கம் உலர்ந்தே இருக்கிறது. 2700 பல்பில் கட்டம் நன்றாகவே தெரிகிறது. சுவரை விட்டுவிடுகிறேன், நன்றி இருவருக்கும். விரிப்பு மட்டும் குழப்பம்: பவானி ஜமக்காளம் செங்காவியில் எடுக்கட்டுமா?

கற்பூரமரத்தடி

சிவப்புத் தரை மேல் செங்காவி ஜமக்காளமா? போட்டதே தெரியாதுங்க. பால்வெள்ளையில் கரை மட்டும் செங்காவிக் கோடு போட்டதாகப் பாருங்க. கடையில் தொங்குவது பெரும்பாலும் பல நிறக் கோடுதான், சொல்லி நெய்ய வைக்கணும்; அதற்கு நாள் ஆகும், இப்போதே சொல்லிவிடுங்க. 6க்கு 9 அடி போதும். சோபாவின் முன்கால் இரண்டும் விரிப்பின் மேல் நிற்கணும், சுற்றிலும் தரை தெரியணும். அந்தச் சிவப்புதான் விரிப்புக்கு இயற்கையான பார்டர்.

வாங்குவதற்கு முன் தரையை வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. சிவப்பு ஒட்டினால் அது சிவப்புப் பாலிஷ். பால்வெள்ளை விரிப்பின் அடி ஒரே வாரத்தில் செம்மண் ஆகிவிடும். வெந்நீர் சோப்பில் பழைய பாலிஷை எடுத்துவிட்டு, நிறமில்லாத மெழுகை மெல்லப் பூசி, காய்ந்த துணியால் தேய்த்துவிடுங்க. துணியில் எதுவும் ஒட்டாத வரைக்கும் விரிப்பைப் போடாதீங்க.

ஜமக்காளம் பருத்தி, குளிரை அதுவாகத் தடுக்காது. அடியில் ஃபெல்ட் விரிப்பு, இல்லை பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போட்டால் காலுக்குச் சில்லிப்பு ஏறாது. வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் காட்டணும், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை வாடை வரும்.

சுவர்ச்சித்திரம்

காளவாய் அண்ணா சொன்னதற்குச் சின்ன மறுப்பு. வெளிச்சுவரைத்தான் தொடக் கூடாது. உள்சுவர் ஒன்றில் 12க்கு 9 அடி, 108 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு 2 லிட்டரில் முடிந்துவிடும். அயர்ன் ஆக்சைடு நிறமியில் வரும் காவி நன்றாக மூடும். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு போல நாலு கோட் கேட்காது. ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவர் மட்டும் என்றால் அறை இருட்டாது என்பது என் கட்சி.

ஆனால் அடிப்பதானால் நவம்பருக்குள் அடியுங்க. எமல்ஷனுக்குக் குறைந்தது 10 டிகிரி வேணும், சுவரும் அந்தச் சூட்டில் இருக்கணும். டிசம்பரில் அங்கே ராத்திரி அதற்குக் கீழே இறங்கும். காலை பத்து முதல் பகல் இரண்டு வரை மட்டும் வேலை, கோட்டுக்குக் கோட் நாலு மணிநேரம் என்று டப்பாவில் இருந்தால் எட்டாகக் கணக்கு வையுங்க. முழுக்கக் காயாத பெயிண்ட் மேல் ராத்திரி ஈரம் இறங்கினால் பிசுபிசுப்பாகத் தேன் வழிந்தமாதிரி கறை ஓடும். அடர்நிறத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

சுண்ணாம்புக்காளவாய்

பழைய ஓட்டு வீடு என்றால் அடியில் சுண்ணாம்புப் பூச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. எங்காவது எமல்ஷன் உரிந்த இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்க. மாவாக வந்தால் சுண்ணாம்பு. அப்படியானால் எமல்ஷன் மேல் எமல்ஷன் ஏற்றாமல், என்றாவது அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காவி கலந்த சுண்ணாம்பே அடிக்கலாம். காவிப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கையில் ஒட்டும். அதனால் அடர்செங்காவி வராது, மண்பானை வெளுத்த நிறம்தான் வரும். எனக்கு அதுதான் அழகு. இந்த வருடத்துக்கு இது வேண்டாம், அவசர வேலை இல்லை.

கற்பூரமரத்தடி

அலங்காரச் சாமானுக்கு ஊட்டி, குன்னூரில் காசே செலவழிக்க வேண்டாம். யூகலிப்டஸ் கொத்தைக் காம்பு நுனி நசுக்கி, கிளிசரின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு கலந்த ஜாடியில் நிறுத்துங்க. இரண்டு வாரம் அளவில் இலை உடையாமல் வளையும் பதத்தில் செம்பழுப்பாகும், உங்க நிறத்திலேயே. இலை மேல் எண்ணெய் மாதிரி துளிர்த்தால் போதும், வெளியே எடுத்துத் தலைகீழாகக் கட்டிவிடணும், விட்டுவைத்தால் ஒழுகும். பைன் காய்களை ஓவனில் 100 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்க, உள்ளே இருக்கும் பூச்சி சாகும், மூடியிருக்கும் காய் விரியும். அடியில் ஃபாயில் போடுங்க, பிசின் வடியும். பக்கத்திலேயே நில்லுங்க, பிசின் தீப்பிடிக்கும் சாமான்.

அகல் விளக்கு இருக்க வேறு எதற்கு? சுட்ட மண்ணே செங்காவிதான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் அவ்வளவாக எண்ணெய் குடிக்காது.

சுவருக்கு ஒரு தோடர் (நீலகிரிப் பழங்குடியினர்) பூத்தையல் துண்டு மாட்டலாம். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை. வெளுக்காத பருத்தியில் சிவப்பு, கருப்பு நூல், வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே போடுவது. கருப்பு மூன்றாவது நிறம் ஆயிற்றே என்று யாராவது வருவீர்கள். ஒரே இடத்தில், கையளவு இருந்தால் மற்ற இரண்டையும் அது தூக்கித்தான் கொடுக்கும். மாட்டுவது உள்சுவரில், வடக்குச் சுவரில் அல்ல.

தறிமேடை

குஷன் உறை ஐந்து போதும், ஒற்றைப்படையாக: மூன்று செங்காவி, இரண்டு பால்வெள்ளை. 16 இன்ச் உறைக்கு 18 இன்ச் பஞ்சு திணியுங்க, அப்போதுதான் மூலை தொங்காது. எல்லாம் ஒரே வழவழத் துணியாக எடுத்தால் இரண்டு நிறமும் தட்டையாகத் தெரியும். கைத்தறி ஒன்று, கயிறு மாதிரி தடித்த நெசவு ஒன்று, கம்பளி ஒன்று என்று கலந்தால்தான் விளக்கு வெளிச்சத்தில் நிழல் விழும். திரையில் மீதி வரும் துணியைக் கதவடி இடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்க: கதவு அகலத்துக்கு இரண்டு இன்ச் கூட்டி, 4 இன்ச் தடிமனில் பைமாதிரி தைத்து, காய்ந்த மணல் நிரப்புங்க. உமி போட்டால் ஈரம் இழுத்துக் கட்டியாகும்.

பனிமூட்டம்

கடைசியாக ஒன்று. ஃபயர்பிளேஸுக்குள் யூகலிப்டஸ் கொத்தும் வரிவிளக்கும் வைக்கலாமா? மிகவும் குளிரும் ராத்திரி அதன் முன்னால் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

சுண்ணாம்புக்காளவாய்

கொத்து வைக்கலாம், வரிவிளக்கு 2700 கெல்வினில் வைக்கலாம். உள்ளே மெழுகுவத்தி, அகல் வேண்டாம், யூகலிப்டஸ் இலை எண்ணெய் நிறைந்தது. மேலே புகைபோக்கி திறந்திருந்தால் அறைச் சூடு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். கோணிப்பைக்குள் பழைய துணி திணித்து உள்கழுத்தில் அடையுங்க. ஒரு செங்காவி நாடாவைக் கட்டி வெளியே தெரியத் தொங்கவிடுங்க, அடைத்திருப்பதை மறந்து யாரும் நெருப்பு மூட்டிவிடக் கூடாது.

கரி அடுப்பு கூடவே கூடாது. ஜன்னல் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஆயில் ஹீட்டர் ஒன்று வாங்கி, திரையிலிருந்து 3 அடி தள்ளி வையுங்க. பழைய வயரிங் என்றால் முதலில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்க.