9 வயது யார்க்ஷயர் டெரியரின் இருமலும் பற்களும்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸ் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி முதியோர் இல்லத்துக்குச் சென்றபோது, அவர் வளர்த்துவந்த யார்க்ஷயர் டெரியர் என்ற சிறிய இனப் பெண் நாயை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து ஆலை வேலை தேடி வந்த நெசவாளர்கள் கூடவே கொண்டுவந்த சிறு டெரியர்களிலிருந்து இந்தப் பகுதியில்தான் இவ்வினம் உருவானது. 1865இல் பிறந்து ஆறே ஆண்டுகள் வாழ்ந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயை இதன் மூதாதையாகக் கொள்கிறார்கள். எலி பிடித்த பரம்பரை என்பதால், தோட்டத்தில் சிறு சலசலப்புக் கேட்டாலும் இவள் பாய்ந்துவிடுகிறாள்.

அப்படிப் பாயும்போதெல்லாம் வாத்து கத்துவதுபோல் இருமல் வருகிறது. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்திருப்பதாகவும், இது இவ்வினத்தில் அடிக்கடி காணப்படுவது என்றும் கால்நடை மருத்துவர் கூறினார். கழுத்துப்பட்டையை அன்றே நீக்கி, மார்பைச் சுற்றி அணியும் பட்டைக்கு மாற்றிவிட்டோம். இவ்வினத்துக்குரிய 3.2 கிலோவைத் தாண்டி இவள் 4 கிலோ இருப்பதால், எடையைக் குறைப்பதும் அவசியமாகிறது.

என்னை உறுத்துவது பற்கள்தான். ஈறு வீங்கியிருப்பதால் மயக்கமருந்து கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டும் என்கிறார்கள். மூச்சுக்குழாய் தளர்ந்த நாய்க்கு இச்சிகிச்சை செய்தவர்கள், முன்பும் பின்பும் என்னென்ன கவனித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். வாயைத் தொடவே விடாத முதிய நாய்க்குப் பல் துலக்கப் பழக்கிய முறையையும், பட்டினி போடாமல் எடையைக் குறைத்த உணவு அளவையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.